கூஜா முதல் பாட்டில் வரை: பயணத்தில் குடிநீர் எடுத்துச் செல்லும் வழக்கம்

வெளியூர்ப் பயணத்தின்போது குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் ஆகும். கட்டுச்சோற்றைப் பற்றிப் பலரும் பேசுகிறோம். அதனுடன் போன தண்ணீர்ச் செம்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் அந்தச் செம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. சாலை, கப்பல், ரயில், சாதி, நோய், சந்தை ஆகிய அனைத்தும் அந்த வரலாற்றில் வருகின்றன.

தண்ணீரை உடன் எடுத்துச் சென்றதற்கு நான்கு காரணங்கள் இருந்தன. முதலாவது, வழியில் நீர் கிடைக்காது என்ற நிலை. இரண்டாவது, பிறர் கைபட்ட நீரைப் பருகக் கூடாது என்ற ஆசாரம். மூன்றாவது, ஊர் பேர் தெரியாத நீரைக் குடித்தால் நோய் வரும் என்ற அச்சம். நான்காவது, காசு. இன்று பெரும்பாலோர் சொல்வது இந்த நான்காவது காரணத்தைத்தான். ஆனால் வரலாற்றில் கடைசியாக வந்து சேர்ந்ததும் இதுவே. தண்ணீருக்கு விலை என்று ஒன்று ஏற்பட்ட பிறகுதான் அதை மிச்சப்படுத்துவது என்ற எண்ணமும் பிறந்தது.

கலங்கள்

உலோகப் பாத்திரம் எல்லாருக்கும் வாய்க்காத காலத்தில் வழிப்போக்கர்கள் சுரைக்குடுக்கையில் நீர் கொண்டுசென்றனர். முற்றிய சுரைக்காயின் உள்ளீட்டை நீக்கி உலர்த்தினால் எடை குறைந்த, ஒழுகாத குடுவை கிடைக்கும். துறவிகளின் கமண்டலமும் இந்த வகையிலிருந்து வந்ததே. தோல் பைகளும் புழக்கத்தில் இருந்தன.

வசதி உள்ள குடும்பங்களில் பித்தளை, செம்புக் கலங்கள் இடம்பெற்றன. திருகுமூடி கொண்ட செம்பு திருகுச்செம்பு எனப்பட்டது. தூக்கிச் செல்லக் கைப்பிடியும், வாயை இறுக மூடும் திருகுமூடியும் உடைய உருண்டைப் பாத்திரமே கூஜா. ஒரு கூஜாவில் ஒன்றிலிருந்து மூன்று லிட்டர் வரை நீர் பிடிக்கும். பெரிய மனிதர்கள் ஊருக்குப் போகும்போது அவர்களது கூஜாவைப் பின்னால் ஒருவர் தூக்கிக்கொண்டு நடப்பார். அதிலிருந்து வந்ததுதான் ‘கூஜா தூக்குவது’ என்ற வழக்கு. கூஜா வீட்டுப் பரணுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சொல் அரசியல் மேடைகளில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

பிற்காலத்தில் எவர்சில்வர் கூஜா வந்தது. அதனுடன் கித்தான் துணியால் தைத்த தண்ணீர்ப் பையும் புழங்கியது. லாரி ஓட்டுநர்கள் அதை வண்டியின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். துணியின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் காற்றுப் பட்டு ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்வதால் மிச்ச நீர் குளிர்ச்சி அடையும். மண்பானை நீர் குளிர்வதும் இதே விதிப்படிதான். பித்தளைக் கூஜாவுக்கு இந்தக் குணம் கிடையாது. வெயிலில் வைத்தால் அதன் நீர் சுடத்தான் செய்யும். ஆனால் செம்புப் பாத்திரத்தில் பல மணி நேரம் வைத்த நீரில் சில வகை நோய்க்கிருமிகள் அழிகின்றன என்று தற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

தண்ணீர்ப் பந்தலும் சத்திரமும்

கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் பயணம் செய்த காலத்தில் ஒருவர் சுமந்துசெல்லும் நீர் அரை நாளுக்குக்கூடப் போதாது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. வெயிலில் நடப்பவருக்கு நாளொன்றுக்கு நான்கு, ஐந்து லிட்டராவது வேண்டும். ஆகவே வழிநெடுகிலும் நீர் கிடைக்கச் செய்வது பெரிய அறமாகக் கருதப்பட்டது. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பெயரால் நினைக்கப்படுகின்றன. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகப் பல சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. சத்திரம் என்றால் அருகில் கிணறோ குளமோ கட்டாயம் இருக்கும். சத்திரம் இல்லாத இடங்களில் சுமைதாங்கிக் கல்லும், கோடையில் தண்ணீர்ப் பந்தலும் இருந்தன. பந்தலில் நீரோடு மோரும் பானகமும் வழங்குவது உண்டு.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை ஒன்றுதான்: தாகத்துக்கு வந்தவரிடம் காசு வாங்கக் கூடாது. ஆனால் எல்லாருக்கும் ஒரே விதமாக நீர் கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் பல இடங்களில் பொதுக் கிணற்றை அணுக முடியவில்லை. பாத்திரத்தைத் தொடவிடாமல், உயரத்திலிருந்து கையில் ஊற்றும் வழக்கமும் இருந்தது. ஆசாரம் காரணமாகச் செம்பு எடுத்துச் சென்றவர்களும் உண்டு; வழியில் தங்களுக்கு யாரும் நீர் தரமாட்டார்கள் என்று தெரிந்து எடுத்துச் சென்றவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பழக்கம்தான். ஒன்று உரிமை, மற்றொன்று கட்டாயம்.

கடல் பயணத்தில் நல்ல தண்ணீர்

கடலில் சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க முடியாது. கப்பல் பயணத்தின் மிகப் பழைய சிக்கல் இது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து சாவகம் வழியாகச் சீனா திரும்பிய பௌத்தத் துறவி பாகியான், தமது கப்பல் திசை தவறியபோது நல்ல தண்ணீர் குறைந்துபோனதை எழுதியிருக்கிறார். சமையலுக்குக் கடல்நீரைப் பயன்படுத்தி, இருந்த நல்ல நீரை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து பங்கிட்டார்களாம்.

பாய்மரக் கப்பல்களில் நீரை மரப் பீப்பாய்களில் அடைத்து வைப்பார்கள். சில வாரங்களில் அதில் பாசி படியும், நாற்றம் எடுக்கும். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர்கள் அதில் இருந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தில், கையில் கொண்டுபோன செம்பு நீர் முதல் நாளோடு தீர்ந்திருக்கும். பிறகு கப்பல்காரர்கள் அளந்து கொடுத்ததுதான் நீர். இத்தகைய பயணங்களில் பயணிகள் படும் பாட்டைக் கட்டுப்படுத்தப் பின்னர் சட்டங்கள் வந்தன. 1887ஆம் ஆண்டின் சுதேசப் பயணிகள் கப்பல் சட்டம் பயணிகளுக்கு உணவு, விறகு, குடிநீர் ஆகியவை போதிய அளவு இருக்க வேண்டும் என்று விதித்தது.

இலங்கைக்குச் சென்றவர்களின் துன்பம் வேறு வகையானது. கடல் தூரம் குறைவு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் மாத்தளை வரை வறண்ட காட்டுவழியே நடக்க வேண்டியிருந்தது. நீர் இல்லாமலும், கிடைத்த அழுக்கு நீரைக் குடித்துக் காலரா கண்டும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். பின்னாளில் இலங்கை அரசு மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாம் நடத்தியதற்கும் காலரா அச்சம் ஒரு முக்கியக் காரணம். 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, எழும்பூரில் ரயில் ஏறித் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலுக்கு மாறித் தலைமன்னார் செல்லும் ‘போட் மெயில்’ வழி ஏற்பட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழி நீடித்தது.

கடலைக் கடந்தால் ஆசாரம் கெடும் என்று நம்பியவர்களுக்குத் தண்ணீரே பெரிய தடை. இதற்கு இந்தியாவில் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மாதோ சிங். 1902ஆம் ஆண்டு ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக இங்கிலாந்து சென்றபோது, அவர் வழியிலும் அங்கும் பருகுவதற்குக் கங்கை நீரைப் பெரிய வெள்ளிக் குடங்களில் நிரப்பி ‘ஒலிம்பியா’ என்ற கப்பலில் ஏற்றிச் சென்றார். ஒவ்வொரு குடமும் 345 கிலோ எடை. 4,000 லிட்டருக்கு மேல் நீர் பிடிக்கும். அவற்றுள் இரண்டை இன்றும் ஜெய்ப்பூர் நகர அரண்மனையில் காணலாம். சொந்தக் குடிநீரைக் கப்பலில் கொண்டுபோனவர்களில் இவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இதில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாதாரண மக்களின் கப்பல் என்றால் தமிழர்களுக்கு நினைவு வருவது ‘ரஜூலா’. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட இந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்பவர் அறை இன்றி, தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் செல்பவர். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், ஊறுகாய், தண்ணீர்ச் செம்பு ஆகியவைதான் அவர்களது உடைமை. செம்பு இங்கே நீரைக் கொண்டுபோவதற்கு மட்டும் அல்ல. கப்பலின் குழாயடியில் பிடித்து வருவதற்கும் வேண்டியிருந்தது. ரஜூலாவுக்குப் பின் அந்த வழியில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு உள்ளானதோடு, சென்னைக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் இடையிலான வழக்கமான பயணிகள் கப்பல் முடிவுக்கு வந்தது.

ரயில் நிலையமும் தண்ணீரும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. ரயில் வந்ததும் நெடுந்தூரப் பயணம் எல்லாருக்கும் உரியதாயிற்று. முன்பின் அறியாதவர்கள் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தார்கள். ஆனால் தண்ணீர் அருந்தும் இடத்தில் பழைய வேற்றுமை தொடர்ந்தது. வட இந்திய நிலையங்களில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர் வைக்கப்பட்டது. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் இருந்தது. பெரியார் ஈ.வெ.ரா.வும் சுயமரியாதை இயக்கத்தினரும் இதை எதிர்த்துப் போராடியதன் விளைவாக 1941ஆம் ஆண்டு இந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. கூஜாவை எடுத்துச் செல்லும் வழக்கத்தின் ஆசாரப் பகுதி அதன் பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது.

நீராவி எஞ்சின் காலத்தில் பயணிகளுக்கு ஒரு வசதி இருந்தது. எஞ்சினுக்கே தண்ணீர் தேவை. விழுப்புரம், திருச்சி போன்ற சந்திப்புகளில் வண்டி நீண்ட நேரம் நிற்கும். அதற்குள் பயணிகள் இறங்கி, நடைமேடைக் குழாயில் கூஜாவை நிரப்பிக்கொண்டு ஓடிவருவார்கள். சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மின்வண்டிக்குத் தண்ணீர் வேண்டாம். நிலையத்தில் நிற்கும் நேரமும் குறைந்தது. இன்று விரைவு ரயில்கள் பல நிலையங்களில் இரண்டு நிமிடமே நிற்கின்றன. இறங்கிக் குழாயைத் தேடிப் பிடித்து வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. வீட்டிலிருந்து நீர் கொண்டுபோவதற்கும், சன்னலருகே வரும் பாட்டிலை வாங்குவதற்கும் இந்த இரண்டு நிமிடம் ஒரு காரணம்.

நோய் அச்சம்

நீர் வழியாக நோய் பரவும் என்பதை 1854ஆம் ஆண்டு இலண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலரா பரவலை ஆராய்ந்து காட்டினார். 1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் தங்கி ஆராய்ந்த இராபர்ட் காக், காலராக் கிருமியை உறுதிசெய்தார். தமிழ்நாட்டில் இந்த அறிவு திருவிழாக்களின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தது. பெரிய திருவிழா நடந்த ஊர்களில் காலரா கண்டதும், யாத்திரை போகிறவர்களுக்கு ஊசி போடும் ஏற்பாடு வந்ததும் மூத்த தலைமுறை அறிந்த செய்திகள். ‘வெந்நீர் காய்ச்சி ஆறவைத்து எடுத்துப் போ’ என்ற அறிவுரை அங்கிருந்து வந்தது. ஊருக்கு ஊர் நீர் மாறினால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்ற பழைய நம்பிக்கையோடு இந்தப் புதிய அறிவும் சேர்ந்துகொண்டது.

தண்ணீர் விலைக்கு வந்த கதை

இத்தாலியப் பெயர் கொண்ட ‘பிஸ்லெரி’ 1965ஆம் ஆண்டு மும்பையில் பாட்டில் நீரை விற்கத் தொடங்கியது. 1969ஆம் ஆண்டு பார்லே நிறுவனம் அதை வாங்கியது. அந்நாளில் அது பெரிய ஓட்டல்களில் மட்டுமே காணக்கூடிய பொருள். ‘தண்ணியைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவானா’ என்பதுதான் பொதுவான எண்ணம். கண்ணாடிப் பாட்டிலுக்குப் பதில் எடை குறைந்த நெகிழிப் பாட்டில் வந்தது. பேருந்து நிலையக் கடைகளும் ரயில் நடைமேடைகளும் அதை ஏற்றுக்கொண்டன. ஏழைகளுக்கென்று தண்ணீர்ப் பாக்கெட் வந்தது. 2001ஆம் ஆண்டு முதல் அடைக்கப்பட்ட குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று.

அரசும் இந்த விற்பனையில் இறங்கியது. இந்திய ரயில்வேயின் உணவு, சுற்றுலாக் கழகம் 2003ஆம் ஆண்டு தில்லி நாங்லோயில் ‘ரயில் நீர்’ ஆலையைத் தொடங்கியது. செங்கல்பட்டு அருகே பாலூரில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய ஆலையிலிருந்து சென்னைப் பகுதி நிலையங்களுக்கு ரயில் நீர் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு லிட்டர் ரயில் நீரின் விலை 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று ‘அம்மா குடிநீர்’ திட்டத்தைத் தொடங்கி, கும்மிடிப்பூண்டியில் தயாரித்த நீரை லிட்டர் 10 ரூபாய்க்குப் பேருந்து நிலையங்களில் விற்றது. அந்த விற்பனை பின்னாளில் நின்றுபோனது. தண்ணீர்ப் பாக்கெட், 2019ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட நெகிழிப் பொருள்களின் பட்டியலில் சேர்ந்தது. பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை.

தாம்பரமும் தென்புறநகரும்

சென்னையின் தென்வாசல் தாம்பரம். தென்மாவட்டங்களுக்குச் செல்லும் ரயில்கள் இங்கே நின்று செல்கின்றன. சில இங்கிருந்தே புறப்படுகின்றன. 2018ஆம் ஆண்டு தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு விடப்பட்டு, பின்னர் நாகர்கோவில் வரை நீட்டிக்கப்பட்ட அந்தியோதயா விரைவு ரயில் முழுவதும் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கொண்டது. கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட தென்மாவட்டப் பேருந்துகள் முன்பு பெருங்களத்தூரில் ஆள் ஏற்றிச் சென்றன. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இப்போது அந்தக் கூட்டத்தைத் தாங்குகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்த இடங்களில் நிற்பவர்களின் தோள்பைகளைப் பார்த்தால், பக்கவாட்டுப் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இல்லாதவர்கள் குறைவு.

ஆனால் இந்தப் பகுதியில் ‘வீட்டுத் தண்ணீர்’ என்பதே பல வீடுகளில் விலைக்கு வாங்கிய நீர். தாம்பரம், பல்லாவரம் பகுதிகளுக்குப் பாலாற்றுப் படுகை நீர் நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. ஏரிகள் பலவும் சுருங்கின. குரோம்பேட்டை என்ற பெயரைத் தந்த குரோம் தோல் தொழிலே பல்லாவரம், குரோம்பேட்டை நிலத்தடி நீரைக் கெடுத்த காரணங்களுள் ஒன்று. 2003, 2004ஆம் ஆண்டுகளின் வறட்சியில் லாரித் தண்ணீரும் 20 லிட்டர் கேனும் நடுத்தரக் குடும்பங்களின் மாதச் செலவில் நிலையான இடம் பிடித்தன. 2019 கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டபோது, சூலை 12 அன்று சோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்தது. ரயிலில் மனிதர்கள் தண்ணீர் கொண்டுபோன காலம் போய், தண்ணீரே ரயிலேறி வந்த நாள் அது.

கப்பல்களில் நடக்கும் வேலை இன்று கரையிலும் நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைக் கடல்நீரிலிருந்து தயாரிக்கும் ஆலை தொடங்கியது. 15 கோடி லிட்டர் திறன் கொண்ட இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மென்சவ்வின் வழியே கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறையே இந்த ஆலைகளில் பயன்படுகிறது.

செலவுக் கணக்கு

மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு இங்கே தரப்படுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் கோடையில் தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு ரயிலில் செல்கிறது. ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 8 லிட்டர் நீர் வேண்டும். ரயில் நீராக வாங்கினால் 8 பெருக்கல் 14, அதாவது 112 ரூபாய். போக வர 224 ரூபாய். 20 லிட்டர் கேனின் விலை 40 ரூபாய் என்று கொண்டால் லிட்டர் 2 ரூபாய். அந்த நீரையே பாட்டில்களில் நிரப்பிச் சென்றால் ஒரு வழிக்கு 16 ரூபாய்; போக வர 32 ரூபாய். மிச்சம் 192 ரூபாய். குழாய் நீரைக் காய்ச்சி எடுத்துச் சென்றால் இன்னும் மிச்சம். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும் கூலித் தொழிலாளி குடும்பத்துக்கு இது ஆண்டுக்கு 2,304 ரூபாய். இது சிறிய தொகை அன்று.

கணக்கின் மறுபக்கம் எடை. 8 லிட்டர் என்றால் 8 கிலோ. அதனால்தான் பலர் பாதியை வீட்டிலிருந்து கொண்டுபோய், மீதியை வழியில் நிரப்பிக்கொள்கிறார்கள். ரயில் நிலையங்களில் 2015ஆம் ஆண்டு முதல் வைக்கப்பட்ட குடிநீர் இயந்திரங்களில் சொந்தப் பாட்டிலில் ஒரு லிட்டர் நிரப்ப 5 ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. அவற்றுள் பல கொரோனாக் காலத்தில் மூடப்பட்டன. நடைமேடைக் குழாய் நீருக்கு விலை இல்லை. ரயில் நிலையத்தில் குடிநீர் என்பது நிர்வாகம் கட்டாயம் செய்துதர வேண்டிய அடிப்படை வசதிகளுள் ஒன்று. அச்சிட்ட விலைக்கு மேல் யாரேனும் பாட்டில் நீரை விற்றால் 139 என்ற ரயில்வே எண்ணில் புகார் செய்யலாம்.

எங்கே அனுமதி, எங்கே தடை

வானூர்தியில்: 2006ஆம் ஆண்டு இலண்டனில் திரவ வெடிபொருள் சதி கண்டுபிடிக்கப்பட்ட பின், பன்னாட்டு விமானங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மப் பொருள்களைக் கைப்பையில் எடுத்துச் செல்லத் தடை வந்தது. மீனம்பாக்கத்திலிருந்து வெளிநாடு செல்பவர்கள் காலிப் பாட்டிலைக் கொண்டுபோய், சோதனை முடிந்தபின் உள்ளே உள்ள குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

கப்பலில்: 2022 சூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. உலகெங்கும் இத்தகைய கப்பல்கள் தமக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியைக் கடல்நீரிலிருந்தே தயாரித்துக்கொள்கின்றன. உணவுக்கூடத்தில் அதைக் காசின்றித் தருவார்கள். பாட்டில் நீருக்குத் தனிக் கட்டணம். அதைத் தவிர்க்கவே பயணிகள் சொந்த நீர் கொண்டுபோகிறார்கள். ஆனால் விதி கப்பலுக்குக் கப்பல் மாறும். அமெரிக்காவின் ‘கார்னிவல்’ நிறுவனம் 2015ஆம் ஆண்டு முதல் பயணிகள் பாட்டிலில் அடைத்த நீரைக் கொண்டுவருவதைத் தடைசெய்தது. தண்ணீர் பாட்டிலில் மதுவை மறைத்துக் கொண்டுவந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனவே பயணச்சீட்டு வாங்கும்போதே விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் அரசுக் கப்பல் பயணம் சுமார் மூன்று நாள். அங்கேயும் ஒரு காலிப் பாட்டில் பெட்டியில் இருப்பது பயன்படும்.

மலைக்கு: நீலகிரி மாவட்டத்தில் 2019ஆம் ஆண்டு முதல் 5 லிட்டருக்குக் குறைவான நெகிழித் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளது. அதற்கு ஈடாகச் சாலையோரங்களில் குடிநீர் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. உதகைக்குச் சுற்றுலா செல்பவர் வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலோ செம்போ எடுத்துச் செல்வது இங்கே சிக்கனம் மட்டுமன்று, விதியும்கூட.

திரையரங்கில்: வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு, ஆனால் நல்ல குடிநீரைக் காசின்றித் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு சனவரி 3 அன்று கூறியது. ஓட்டலைப் பொறுத்தவரை நிலை வேறு. அங்கே அமர்ந்து அருந்தும் பாட்டில் நீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று அதே நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

பாட்டிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை

காசை மிச்சப்படுத்த, ஒருமுறை வாங்கிய மெல்லிய பாட்டிலையே மாதக் கணக்கில் நிரப்பிப் பயன்படுத்துவது பல வீடுகளில் நடக்கிறது. அவ்வகைப் பாட்டில் ஒருமுறைப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்படுவது. கழுவ வசதியான அகன்ற வாய் அதற்குக் கிடையாது. கீறல்களில் கிருமி தங்கும். 2024ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கடைப் பாட்டில் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 நெகிழித் துகள்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை மிக நுண்ணியவை. இவற்றால் உடலுக்கு ஏற்படும் விளைவு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. எவர்சில்வர் பாட்டிலுக்கு முதலில் செலவு கூடுதல். தொடர்ந்து பயன்படுத்தினால் காலப்போக்கில் அந்தச் செலவு திரும்பிவிடும்.

பழக்கத்தின் இன்றைய பொருள்

தண்ணீரை உடன் எடுத்துச் செல்லும் வழக்கம் நூறு ஆண்டுகளில் பொருள் மாறியிருக்கிறது. அன்று கூஜாவுடன் போனவர் பெரும்பாலும் வசதி படைத்தவர். வெறுங்கையுடன் போனவர் குழாயையும் பந்தலையும் நம்பினார். இன்று வசதி படைத்தவர் வெறுங்கையுடன் போய்ப் பாட்டில் வாங்குகிறார். கையில் பாட்டிலுடன் போகிறவர் காசைக் கணக்குப் பார்க்கிறவர். ஆசாரம் போனது நல்லதே. பந்தலின் அறமும் அதனுடன் போய்விடக் கூடாது.

சொந்தத் தண்ணீர் கொண்டுபோவது ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ளக்கூடிய சிக்கனம். ஆனால் அதையே முழுத் தீர்வாகக் கொண்டால், நடைமேடைக் குழாய் வறண்டு கிடப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து தாம்பரத்தில் வந்து இறங்குகிறவர், இரண்டு நாள் பயணத்துக்கு வேண்டிய நீரை ஊரிலிருந்து சுமந்துவர முடியாது. கைக்குழந்தையுடன் தனியே செல்லும் பெண்ணும் எட்டுக் கிலோ தூக்க முடியாது. அவர்களுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வர வேண்டும். வராத குழாயைக் கண்டால் நிலையத்தில் உள்ள புகார்ப் பதிவேட்டில் எழுதலாம். 139 எண்ணுக்கும் சொல்லலாம். பாட்டிலை வீட்டில் நிரப்பிக்கொண்டு வந்தவரும் இதைச் செய்யலாம். அவருடைய பாட்டிலும் வழியில் தீரத்தான் போகிறது.